175-ஏ வாங்குங்க மாப்ள!

ஏனுங்க மாப்ள, கால்கரியில இருந்து ரோஜர்ஸ் கணவாயைத் தாண்டி ரெவல்ஸ்டோக் வரைக்கும் வந்து, "மாமா, மலையில ஓட்டற ஸ்னோமொபைலுக்கு எந்த நீளத்துல ட்ராக் வாங்கலாமுங்க?"ன்னு பவ்யமாக் கேக்கறீங்க. வாய் கேக்குது, கை என்னடான்னா 175 இஞ்ச்சைச் சுத்தி வட்டம் போட்ட கேட்டலாக்கை ஜாக்கெட்டுக்குள்ள தடவிட்டு இருக்குது. யோசனை கேக்க வந்த மொகமாங்க அது? தாலியக் கட்டிப்போட்டு ஜாதகம் பாக்க வந்த மொகம்.

வாங்குங்க. தாராளமா வாங்குங்க. கூட்டாளி 165 வெச்சிருக்கறப்ப நீங்க 154-ல போய் எறங்குனா குடும்ப கௌரவம் என்னாகறது? நான் இந்த மலையடிவாரத்துல கொட்டாயைப் போட்டு, ஊரான் ஸ்லெட்டுக்கு பெல்ட் மாத்திப் பொழப்பை ஓட்டறவன். உங்களுக்கு விக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க. அதனால காசு கட்டறதுக்கு முந்தி நாலு வார்த்தை சொல்லிப்போடறேன். கேட்டாக் கேளுங்க, கேக்காட்டி அந்தக் காப்பியைக் குடிச்சுட்டுக் கெளம்புங்க.

மொதல்ல 175-ன்னா என்னன்னு தெரியுமுங்களா? வண்டிக்கு அடியில பனியில படுத்திருக்கற நீளம்னுதானே நெனச்சீங்க? அட, அதில்லீங்க. அந்த ரப்பர் வளையத்தைக் கழட்டி, ஒரு எடத்துல அறுத்து, நேரா நீட்டிப் போட்டா வர்ற மொத்த நீளம் அது. வளையத்துல ஒரு பாதி மேல, சீட்டுக்கு அடியில இருக்கற டன்னலுக்குள்ள திரும்பி ஓடிட்டிருக்கும். பனியைத் தொடறது மிச்சப் பாதி. கெட்டித் தரையில அந்தப் பாதிகூட முழுசாத் தொடாதுங்க. ஆக, 165-ஐ விட்டுட்டு 175-க்கு ஏறுனா பத்து இஞ்சுக்குக் காசு குடுப்பீங்க, அதுல அஞ்சு இஞ்ச்தான் பனியில பாடுபடும். மிச்ச அஞ்சும் மேல உக்காந்து மலையை வேடிக்கை பாக்கும். நம்மூட்டுக் கல்யாணத்துக்கு வர்ற ஒறம்பரையிலயும் பாதிப் பேர் அப்படித்தான், அது கெடக்கட்டும்.

அப்புறம் இந்த 153, 155, 163, 165-னு வாய்ல நிக்காத நம்பருக. ஒரு ரவுண்டான நம்பராப் போட்டா என்னன்னு நீங்களும் கேட்டிருப்பீங்க. வளையத்துக்கு உள்பக்கம் பாத்தா வரிசையாப் பல்லு இருக்கும், எஞ்சின் அதைப் புடிச்சுத்தான் சுத்தறது. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இருக்கற தூரம்தான் பிட்ச். 2.86 இஞ்ச் பிட்சுல 57 பல்லு வெச்சா 163. மூணு இஞ்ச் பிட்சுல 51 வெச்சா 153. மூணரைல 44 வெச்சா 154. அரைப் பல்லு வெக்க முடியாதுங்களே, அதனாலதான் நீளம் அப்படி மொண்டி மொண்டியா வருது. பழைய வண்டி பாக்கப் போறப்ப இது ஒதவும். விக்கறவன் "இது 165 சாமி"ன்னு சத்தியம் பண்ணுவான். நீங்க வாதாட வேண்டாம். வண்டிப் பொறத்தாலயைத் தூக்கி ஸ்டாண்டுல வெக்கச் சொல்லுங்க, ஒரு பல்லு மேல சாக்பீஸ்ல கோடு போடுங்க, கையில உருட்டி எண்ணுங்க, பிட்சால பெருக்குங்க. அவன் மொகம் மாறுறது பெருக்கி முடிக்கறதுக்கு முந்தியே தெரிஞ்சுரும்.

நீளம் நீளம்னு பறக்கறீங்களே, அகலத்தைப் பாத்தீங்களா? மலை வண்டிக்கு ட்ராக் பெரும்பாலும் 15 இஞ்ச் அகலம். ஸ்கிடூ கம்பெனியோட சம்மிட் வண்டியில 16 வருது. ஒரு இஞ்ச்தானேன்னு எளக்காரமாப் பாக்காதீங்க. 154 ட்ராக்குல பாதி 77. அகலத்துல ஒரு இஞ்ச் கூடுனா 77 சதுர இஞ்ச் கூடுது. அதே 15 அகலத்துல 154-ஐ 165 ஆக்குனா, அஞ்சரையை 15-ஆல பெருக்கி 82 சொச்சம். ஆக, 16 அகலத்துல 154 வெச்சிருக்கறவன் கிட்டத்தட்ட உங்க 165 மெதக்கற அளவுக்கு மெதப்பான், வெளிய காட்டிக்க மாட்டான். ஆனா அகலமான ட்ராக்கை ஒரு பக்கமாச் சாய்ச்சு ஓட்டறது கொஞ்சம் பாடு. மலையில வண்டி ஓட்டறதே சாய்ச்சு ஓட்டறதுதானுங்க. சரிவுல குறுக்க போறப்ப மலைப் பக்கம் சாய்ச்சுப் புடிச்சே போகோணும், இல்லாட்டி வண்டி உங்களைக் கேக்காம பள்ளத்தைப் பாத்து எறங்கிரும்.

பனியை வாரித் தள்ளறதுக்கு ட்ராக்குக்கு வெளிப்பக்கம் இருக்கற பேடிலோட ஒசரமும் கணக்குல வருமுங்க. கெட்டிப்பட்ட பாதைக்கு ஒண்ணேகால் ஒண்ணரை இஞ்ச் போதும். மலைக்கு ரெண்டரை, மூணு வரைக்கும் போகுது. மூணு இஞ்ச் பேடில் மாவுப் பனியில வாரி வாரித் தள்ளும், பாக்கறதுக்கே ஜோரா இருக்கும். ஆனா மலைக்கு மேல போறதுக்கு முந்தி கெட்டிப்பட்ட பாதையில மணிக்கணக்காப் போகோணுமே, அங்க அதே பேடில் வளைஞ்சு சூடேறும், கொஞ்ச நாள்ல ஓரம் கிழியும். மலை வண்டிக்கு இன்னொரு கஷ்டம். எஞ்சின் தண்ணியைக் குளுர வெக்கற கூலர் டன்னலுக்கு அடியில இருக்குது, ட்ராக் வாரி எறியற பனிதான் அதுக்குச் சோறு. ஐஸ் கட்டுன பாதையில பனி பறக்காது, மீட்டர்ல செவப்பு விளக்கு எரியும். ட்ராக்குக்குள்ள இருக்கற ரெயிலுக்கு அடியில மாட்டுன பிளாஸ்டிக் ஸ்லைடர் பனி இல்லாமக் காஞ்சு, தேஞ்சு உருகி நாறும். அந்த நாத்தத்தோட எங்கொட்டாய்க்கு வர்ற வண்டிகளாலதான் எனக்கு மார்ச் மாசம் சோறு. அதனால வாங்குனதும் ஐஸைச் சொரண்டற கம்பி ரெண்டு போட்டுக்குங்க. போடாட்டியும் சரி, எனக்கு நட்டமில்லை.

கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். உங்க எடை எத்தனை? சட்டை, பூட்ஸ், ஹெல்மெட், முதுகுப் பையி, அதுல அம்மிணி கட்டிக் குடுத்த புளிச்சோறு, எல்லாம் சேத்துச் சொல்லுங்க. எழுவது கிலோ ஆளுக்கும் நூத்திப்பத்து கிலோ ஆளுக்கும் ஒரே நீளத்தை எழுதித் தர்றவன் கடைக்காரன்தானே தவிர வைத்தியன் இல்லீங்க. ஆழமான பனியில பெரிய ஒடம்புக்கு நீளம் நெசமாவே வேணும். உங்களைப் பாத்தா மெலிஞ்சுதான் இருக்கறீங்க, தலைக்கனத்தைச் சேத்தாலும் எம்பது தாண்டாது.

எஞ்சினைப் பாருங்க அடுத்து. நீளமான ட்ராக்கைச் சுத்தறதுக்குத் தெம்பு வேணுமுங்க. விரலுக்குத் தகுந்த வீக்கம். 600, 650 சிசி எஞ்சினுக்கு 146, அதிகமாப் போனா 155. 850-க்கு 154-ல இருந்து 165 வரைக்கும் தாராளம். 175-க்கு அதுக்கும் மேல தெம்பு இருந்தா நல்லது. மலைமேல போகப் போக காத்து மெலிஞ்சு எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் மூணு சதவீதம் தெம்பை விட்டுரும். கொலராடோவுல ரேபிட் இயர்ஸ் கணவாய் 9,426 அடி. கடல் மட்டத்துல 165 குதிரையோட கெளம்புன எஞ்சின் அங்க போய்ச் சேர்றப்ப ஏறக்குறைய 120 குதிரைதான் மிச்சம். மிச்சக் குதிரையெல்லாம் பாதி வழியில திரும்பிப் போயிருச்சு. அதுக்குத்தான் 2020 மாடல்ல ஸ்கிடூக்காரன் கம்பெனியிலயே டர்போ வெச்ச டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொண்டாந்தான், எட்டாயிரம் அடி வரைக்கும் அந்த 165 குதிரை குறையாதுன்னு. அடுத்து இன்னொரு கம்பெனிக்காரன் போலாரிஸும் டர்போவுல எறங்கிட்டான். டர்போவும் 175-ம் ஜோடி சேந்தா ஏறாத மலை இல்லைங்கறாங்க. ஏறட்டும், எறங்கறது யாரு?

பனி எந்த ஊர்ப் பனிங்கறதும் முக்கியமுங்க. இங்க ரெவல்ஸ்டோக் பக்கம் பனிக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்துல மவுண்ட் கோப்லேண்டுல 1971-72 குளிர்காலத்துல 24 மீட்டருக்கு மேல பனி விழுந்து கனடாவுலயே சாதனை ஆகிப்போச்சு. வேல்மவுண்ட், சிகமஸ் பக்கமும் அப்படித்தான், ஜனவரியில எறங்கி நின்னா இடுப்பு வரைக்கும் போகும். ஆழம் தெரியாமக் காலை விடாதேன்னு சொன்னவன் இந்தப் பக்கம் வந்து பாத்துட்டுத்தான் சொல்லியிருப்பான். கொலராடோ ஸ்டீம்போட் பக்கம் பனி காஞ்ச மாவு, கைல அள்ளி ஊதுனாப் பறக்கும். அந்தப் பனி வண்டியைத் தாங்காதுங்க, அங்க நீளம் சோறு போடும். கடலோரத்து மலைப் பனி ஈரம் நெறைஞ்சு கனமா இருக்கும், 146 போட்டாலும் தாங்கிக்கும். ஏப்ரல் மாசம் பனி எறுகிப்போனா எல்லா ஊரும் ஒண்ணுதான். அப்ப 146-க்காரன் ஆட்டம் போடறதை 175-க்காரன் நின்னு படம் எடுக்கோணும்.

நீங்க வருசத்துல எத்தனை நாள் நெசமா ஆழப் பனியில ஓட்டுவீங்க? சனி, ஞாயிறு, அதுலயும் புயலடிச்சா ரோஜர்ஸ் கணவாய்ல ரோட்டை மூடிருவாங்க. மிச்ச நாளெல்லாம் நாலு பேர் ஓட்டிக் கெட்டிப்பண்ணுன பனிதான். அந்தப் பனிக்கு வாங்கோணுமா, கனவுல விழுகற பனிக்கு வாங்கோணுமான்னு நீங்களே ரோசனை பண்ணுங்க. கம்பெனிக்காரனும் வெவரமானவனுங்க. அடுத்த வருசத்து வண்டிக்கு மார்ச், ஏப்ரல்லயே ஆர்டர் வாங்கறான். பனி தலைக்கேறி இருக்கற நேரத்துல பேனாவைக் குடுத்தா எவன் சின்ன நம்பரை எழுதுவான்?

1990-கள்ல 136 இஞ்ச் ட்ராக் வெச்சவன்தானுங்க மலைக்காரன். அதைப் பாத்து ஊரே வாயைப் பொளந்துச்சு. வயோமிங்ல ஜாக்சன் ஊர்ல ஸ்னோ கிங் மலையில 1976-ல இருந்து ஏத்தப் பந்தயம் நடக்குது, 175-னு ஒண்ணு இருக்கறதே தெரியாத காலத்துல இருந்து. இந்த மலைக எதுவும் அப்பறம் ஒசரமாகலை மாப்ள. நம்ம ரோசம்தான் ஒசந்துபோச்சு.

இப்ப உங்களுக்குப் புடிக்காத ஒண்ணைச் சொல்லப்போறேன். நீள ட்ராக் வீரனுக்குன்னு நெனச்சிட்டிருக்கீங்க பாருங்க, அது தலைகீழுங்க. நீள ட்ராக் மன்னிக்கற ட்ராக். ஏத்தத்துல மெதுவாப் போனாலும் குழி பறிக்காது, முன்பக்கம் தூக்கி மல்லாக்கப் போடாது, நடுவுல பயந்து ஆக்சிலேட்டரை விட்டுட்டாலும் மறுபடி புடிச்சு ஏறிக்கும். ஆக, அது பழகாதவனுக்கும், முட்டி தேஞ்சு போன எங்களாட்டக் கெழடுகளுக்கும் ஆனது. கட்டையான ட்ராக்குதான் கை வேலை கேக்கும். வேகத்தை விடாமப் புடிக்கோணும், ஒடம்பை வளைக்கோணும், எங்க போகப்போறோம்னு மூணு மரத்துக்கு முந்தியே பாத்து வெக்கோணும். என்ற பேத்தி இருக்கறாளே, ஒல்லிக்குச்சி, 600 எஞ்சின், 146 ட்ராக். மரத்துக்கு நடுவுல அவ பூந்து பூந்து போறதைப் பாத்தா நம்ம மீசையெல்லாம் எதுக்குன்னு தோணும். அவ திரும்பற எடத்துல 175 திரும்பாதுங்க. ஸ்கீயை நீங்க ஒரு பக்கம் திருப்புவீங்க, பொறத்தால இருக்கற நீளம் "நான் நேராத்தான் போவேன்"னு தள்ளும். முன்னைக்கு இப்ப வர்ற சஸ்பென்ஷன்ல 165 கூட நல்லாவே வளையுது, இல்லைங்கலை. 175 இன்னும் பிடிவாதக்காரிதான்.

மாட்டிக்கிட்டா என்ன கதின்னு பாத்திருக்கீங்களா? பாத்தாத்தான் நீளம்னா என்னன்னு புரியும். இங்க பக்கத்துல ஃபிரிஸ்பி ரிட்ஜ்ல மரத்துக்கு நடுவுல ஒருத்தர் 175-ஐ விட்டுட்டாரு. பொறத்தால குழியில, ஸ்கீ ரெண்டும் வானத்தைப் பாக்குது. நம்மாளு ஆக்சிலேட்டரை நசுக்கறாரு, நசுக்க நசுக்க ட்ராக் அடியில பனியைத் தோண்டி வெளிய எறியுது, வண்டி இன்னும் ஒரு அடி எறங்குது. பெல்ட் கருகுன வாசம். அணைங்கன்னு கத்துனாக் கேக்குதுங்களா? ஒருவழியா அணைச்சாரு. மம்பட்டி எடுத்து டன்னலுக்குள்ள அடைஞ்ச பனியைத் தோண்டி எடுத்தோம். வண்டிக்கு முன்னாடி பனியை மிதிச்சு மிதிச்சு மேடை பண்ணுனோம். அப்புறம் ஸ்கீயைப் புடிச்சுச் சுத்திப் பள்ளத்தைப் பாத்துத் திருப்போணும். இங்கதான் மாப்ள நீளம் தன் சொரூபத்தைக் காட்டுச்சு. முன்பக்கம் வருது, வாலு ஒரு மரத்தூருல மாட்டிக்குது. அதை எடுத்தா அந்தப் பக்கம் இன்னொரு மரம். மலை வண்டி சும்மா நிக்கறப்பவே 200 கிலோவுக்கு முன்னபின்ன. பெட்ரோலும் பனியும் சேந்தா என்ன கனம்னு உங்க முதுகைக் கேளுங்க. நீள ட்ராக் அடிக்கடி மாட்டாதுங்கறது வாஸ்தவம். மாட்டுனா மாட்டக்கூடாத எடத்துல போய்த்தான் மாட்டும், ஏன்னா மத்த வண்டிக அங்க வரைக்கும் போகவே போகாது.

அந்த "அங்க வரைக்கும்"தான் எனக்குக் கவலைங்க. இதுல லொள்ளு இல்லை, கேட்டுக்குங்க. 2010 மார்ச் 13-ந் தேதி, இதோ இங்க பக்கத்துல போல்டர் மலையில, யாரு ஒசர ஏறறதுன்னு பாக்க ஒரு கூட்டம் கூடுச்சு. மேல வண்டிக ஏறுது, கீழ கூட்டமா நின்னு பாக்கறாங்க. பனிச்சரிவு எறங்கி ரெண்டு பேர் போய்ட்டாங்க, முப்பது பேருக்குப் பக்கமா அடிபட்டாங்க. 30-ல இருந்து 45 டிகிரி சரிவுதான் சரிஞ்சு எறங்கறதுக்குத் தோதான சரிவு. நீள ட்ராக்கும் டர்போவும் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தறதும் அதே சரிவுலதான். பனிச்சரிவு எச்சரிக்கை குடுக்கற அவலாஞ்ச் கனடா ஆபீஸ் இந்த ஊர்லயேதான் இருக்குது, தெனமும் போன்லயே அறிக்கை பாக்கலாம். பாக்காமக் கெளம்பாதீங்க. ஒடம்புல, பனிக்குள்ள புதைஞ்சா எடத்தைக் காட்டிக்குடுக்கற டிரான்ஸீவர், பையில குத்திப் பாக்கற கம்பி, மம்பட்டி, மூணும் இருக்கோணும். சரிவுல ஒரு சமயத்துக்கு ஒருத்தர்தான் ஏறோணும், மத்தவங்க வழியை விட்டு ஒதுங்கி நிக்கோணும். மேல ஒருத்தன் மாட்டிக்கிட்டா ஒதவி பண்றேன்னு இன்னொருத்தன் அதே சரிவுல ஏறறது இருக்குதுங்களே, அதைப் பண்ணாதீங்க. 175-க்கு ஆகற காசுல கொஞ்சம் மிச்சம்புடிச்சு ஒரு வாரக் கடைசி பனிச்சரிவுப் பயிற்சிக்குக் கட்டுங்க. அது எந்தப் பனியிலயும் வேலை செய்யும்.

சரி, மூஞ்சியைத் தூக்காதீங்க. நீங்களே கேக்கறதுக்கு முந்தி நானே சொல்லிப்போடறேன். எம்பது கிலோ ஆளு, டர்போ இல்லாத 850, ரெவல்ஸ்டோக்கும் சிகமஸும் சுத்தப்போறீங்க, பாதி நேரம் மரத்துக்கு நடுவுல, ஓட்டப் பழகி ரெண்டு குளிர்காலம்தான் ஆச்சு. 154 இல்லாட்டி 155, ரெண்டரை இஞ்ச் பேடில், அதோட விடுங்க. இல்லீங்க மாமா, எனக்கு மாட்டிக்கறதுதான் பயம்னா 165 வரைக்கும் போங்க, குத்தமில்லை. அதுக்கு மேல வேணும்னா எடை கூடோணும், இல்லாட்டி வயசு கூடோணும். பின்னால நீளத்தை மாத்திக்கலாம்னும் கணக்குப் போடாதீங்க. ட்ராக் மட்டும் மாத்துனாப் பத்தாது, ரெயில் மாத்தோணும், டன்னலை நீட்டோணும், பல்சக்கரக் கணக்கைத் திரும்பப் பாக்கோணும். கூலி எம்பக்கம்தான் வரும்னாலும் சொல்றேன்.

என்னங்க, இத்தனை சொல்லியும் அந்தக் கேட்டலாக்கை வெளிய எடுக்கறீங்க? எடுங்க, எடுங்க. 175-லயே கையெழுத்துப் போட்டுருங்க. ஒரு குளிர்காலம் ஓட்டுவீங்க, மறு குளிர்காலம் அம்மிணி கணக்குக் கேப்பாங்க, அதுக்கு அடுத்த வருசம் தார்ப்பாயைப் போத்தி ஷெட்டுல நிக்கும். அப்ப வேற ஆருக்கும் சொல்லாதீங்க, மொதல்ல எனக்குப் போன் பண்ணுங்க. எனக்கு வயசாச்சு, ஒடம்பும் கனம், மெதுவாத்தான் ஓட்டறேன், எனக்குத்தானுங்க அது அளவு. ரொக்கமாவே குடுத்துருவேன். பேடில் கிழிஞ்சிருந்தா மட்டும் வெலையில கொஞ்சம் கொறைச்சுக்குவேன், அதை இப்பவே சொல்லிப்போட்டேன்.